ஆயுள் இன்ஷியூரன்ஸும் வண்டியோட்டும் அபாயமும்

ஆயுள் இன்ஷியூரன்ஸ் செய்துகொள்ள விரும்புகிறவர்களிடம் நம் நாட்டில் கேட்கப்படும் கேள்விகள் பல. தகப்பனார் எந்த வயதில், எந்த வியாதியால் இறந்தார். தாயாருக்கு நீரிழிவு உண்டா. இருதயம், ரத்தக் கொதிப்பு எப்படி. புகை குடிப்பதுண்டா, மது அருந்துவதுண்டா. தொழில் யாது, வருமானம் எவ்வளவு என்று விண்ணப்பத் தாள் வரிசையாக விசாரிக்கிறது. மலையேறுதல், மோட்டார் பந்தயம் முதலிய அபாயகரமான பொழுதுபோக்குகள் உண்டா என்று கேட்பதும் வழக்கம். கடலூர் ஜில்லாவில் மோட்டார் பந்தயம் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கக்கூடும்? ஆனால் பொழுது விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் ஏறிச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கும், கடலூரிலிருந்து சிப்காட் தொழிற்சாலைகளுக்கும், குறிஞ்சிப்பாடியிலிருந்து நெய்வேலிக்கும் சென்று, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்கள் எப்படி வண்டி ஓட்டுகிறார்கள் என்பதை முறையாக விசாரித்து மதிப்பிடும் வழக்கம் இங்கே இன்னும் வேரூன்றவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலைமை வேறு. அங்கே ஆயுள் பாலிசி கேட்பவனுடைய சம்மதத்தைப் பெற்று, அவன் வசிக்கும் ராஜ்யத்தின் மோட்டார் இலாகாவிலிருந்து, கடந்த சில வருஷங்களில் அவன் வண்டியோட்டிய பதிவைக் கம்பெனிகள் வரவழைத்துப் பார்க்கின்றன. குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவனுக்குப் பிரீமியம் உயர்கிறது. குற்றம் சமீபத்தியதாயிருந்தால் விண்ணப்பத்தையே ஒத்திவைப்பதும் உண்டு. இந்தியாவிலும் லைசென்ஸ், வண்டிப் பதிவு, அபராதச் சலான், விபத்து விவரம் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. 2021-ம் வருஷம் ஜனவரி மாதம், இன்ஷியூரன்ஸ் ஒழுங்குமுறை அதிகார சபை நியமித்த ஒரு குழு, போக்குவரத்துக் குற்றங்களுக்குத் தக்கபடி மோட்டார் இன்ஷியூரன்ஸ் பிரீமியத்தைக் கூட்டலாம் என்றும், டில்லியில் அதைப் பரீக்ஷார்த்தமாகத் தொடங்கலாம் என்றும் யோசனை கூறியது. வண்டிக்குக் கூறிய யோசனை வண்டியோட்டியின் உயிருக்கும் வந்து சேர அதிக காலம் ஆகாது. ஆகையால் இவ்விஷயத்தில் பொதுஜனங்களின் கட்சி என்னவாயிருக்க வேண்டும் என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்வது அவசியமாகிறது.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒருவன் வண்டி ஓட்டும் நடத்தையை எடைபோட்டுப் பிரீமியம் விதிப்பது நியாயம். அவன் செய்யும் தொழிலை மட்டும் பார்த்து, அல்லது அவன் போகும் சாலையைப் பார்த்து, அவன் தலையில் அதிகப் பிரீமியத்தைச் சுமத்துவது அநியாயம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் செய்யப்படும் ஏற்பாடு எதுவாயினும், அது லாரிச் சாரதியின் மனைவி மக்களைப் பாதுகாப்பின்றி நிறுத்திவிடும்.

முதலில் அபாயத்தின் அளவைக் கவனிப்போம். மத்திய சர்க்காரின் போக்குவரத்து இலாகா வெளியிட்ட கணக்குப்படி 2023-ம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் 1,72,890 பேர் மாண்டனர். நாளொன்றுக்குச் சுமார் 474 உயிர்கள். தமிழ்நாட்டில் அவ்வருஷம் நேர்ந்த விபத்துக்கள் 67,213. இறந்தவர்கள் 18,347 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் நம் ராஜ்யமே தேசத்தில் முதலாவது. மரணத்தில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தது. ஜனத்தொகையோடு ஒப்பிட்டால், தேச முழுவதிலும் லக்ஷம் பேருக்குச் சுமார் 12 பேர் சாலையில் இறக்க, தமிழ்நாட்டில் சுமார் 24 பேர் இறக்கிறார்கள். 2022-ம் வருஷத்துக் கணக்கில், இறந்தவர்களில் நூற்றுக்கு 66 பேருக்கு மேல் 18-க்கும் 45-க்கும் இடைப்பட்ட வயதினர். குடும்பத்தைத் தாங்கும் வயது அது. ஆயுள் இன்ஷியூரன்ஸ் எதற்காக ஏற்பட்டதோ அந்த வயதும் அதுவே.

இன்ஷியூரன்ஸ் கம்பெனிகள் ஓர் உயிரை மதிப்பிடுவது எவ்வாறு என்பதையும் நம் ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டும். பலர் சேர்ந்து ஒரு பொதுக் குடத்தில் பணம் ஊற்றுகிறார்கள். அவர்களுள் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது. எந்த வயதில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் வருஷத்தில் இறப்பார்கள் என்று காட்டும் மரண விகித அட்டவணையே இதற்கு அஸ்திவாரம். இந்தியாவில் இன்ஷியூர் செய்துகொண்டவர்களின் அனுபவத்தைக் கொண்டு 2012–14 அட்டவணை தயாரிக்கப்பட்டிருக்கிறது. அதன்படி முப்பது வயதுள்ள ஆயிரம் பேரில் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒருவர் இறக்கிறார். இந்தச் சராசரியைவிட ஒருவருடைய அபாயம் எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்று எடைபோடுவதே மதிப்பீட்டு இலாகாவின் வேலை. நியூயார்க் லைப் கம்பெனியைச் சேர்ந்த ஆர்தர் ஹண்டர், டாக்டர் ஆஸ்கர் ராஜர்ஸ் என்னும் இருவர் இதற்கு ஒரு மதிப்பெண் முறையை வகுத்து, 1919-ல் விரிவாக வெளியிட்டார்கள். சாதாரண உயிருக்கு நூறு என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறைக்கும் சில எண்களைக் கூட்டி, ஒவ்வொரு நிறைக்கும் சிலவற்றைக் கழித்து முடிவு காண்பது அந்த முறை. உலகெங்கும் கம்பெனிகள் கையாளுவது இதன் வழிவந்த முறைகளையே.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நீரிழிவு, ரத்தக் கொதிப்பு முதலியவற்றால் வரும் அபாயம் வயதோடு வளருவது. ஆகையால் அதற்கு நூற்றுக்கு இவ்வளவு என்று பிரீமியத்தைப் பெருக்குகிறார்கள். சாலை விபத்து போன்ற அபாயமோ இருபத்தைந்து வயதுக்காரனுக்கும் நாற்பது வயதுக்காரனுக்கும் அப்படிப் பெருகிப் போவதில்லை. ஆகையால் அதற்கு ஆயிரம் ரூபாய்க் காப்புத் தொகைக்கு இத்தனை ரூபாய் என்று நிலையான ஓர் அதிகத் தொகை விதிப்பது வழக்கம். தமிழ்நாட்டில் லக்ஷத்துக்கு 24 பேர் என்றால், ஆயிரத்துக்கு இருபத்துநான்கு காசு. இருபத்தைந்து லக்ஷ ரூபாய்ப் பாலிசிக்கு இது வருஷம் அறுநூறு ரூபாயாகும். ஆனால் இந்தச் சராசரிச் சாலை அபாயம் மரண விகித அட்டவணைக்குள்ளேயே ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. இன்ஷியூர் செய்துகொண்டு சாலையில் இறந்தவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே. எனவே, சராசரிக்கு மேற்பட்ட அபாயம் எவ்வளவோ அதற்கு மட்டுமே அதிகப் பணம் கேட்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. உதாரணத்துக்கு, ஆயிரத்துக்கு இரண்டு ரூபாய் என்று ஒரு கம்பெனி மனம்போனபடி விதிக்குமானால், அதே பாலிசிக்கு வருஷம் ஐயாயிரம் ரூபாய் கூடிவிடும். அது சராசரிச் சாலை அபாயத்தைப்போல் எட்டு மடங்குக்கு மேற்பட்டது. அத்தனை அபாயம் உண்டென்று காட்ட ஆதாரம் எங்கே என்று கேட்பது நம் கடமை.

இந்தக் கேள்வியை நாம் அழுத்திக் கேட்பதற்குச் சரித்திர காரணம் உண்டு. இந்தியாவில் முதல் ஆயுள் இன்ஷியூரன்ஸ் கம்பெனி 1818-ல் கல்கத்தாவில் ஐரோப்பியர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஓரியண்டல் கம்பெனி. பின்னர் வெள்ளைக்காரக் கம்பெனிகள் இந்தியர்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியபோது, இந்தியன் என்ற ஒரே காரணத்துக்காக நூற்றுக்குப் பதினைந்து, இருபது வீதம் அதிகப் பிரீமியம் வாங்கின. மதுரையில் ஒழுக்கமாக வாழ்ந்த வக்கீலும், கல்கத்தாவில் குடித்தே காலம் கழித்த வெள்ளைத் துரையும் விண்ணப்பித்தால், வக்கீலின் உயிரே மட்டமான உயிர் என்று தீர்மானிக்கப்பட்ட காலம் அது. அதற்கும் அவர்கள் 'கணக்கு' என்றே பெயர் சொன்னார்கள். 1870-ல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கம் இந்திய உயிர்களைச் சாதாரண விகிதத்திலேயே ஏற்றுக்கொண்டு அந்த அவமானத்தைத் துடைத்தது. சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த காலத்தில், 1906-ல் சென்னையில் யுனைடெட் இந்தியாவும், 1907-ல் மகாகவி தாகூரின் ஜோராசாங்கோ இல்லத்தில் ஓர் அறையிலே ஹிந்துஸ்தான் கோவாபரேடிவும் பிறந்தன. 1924-ல் லாகூரில் ஏற்பட்ட லக்ஷ்மி இன்ஷியூரன்ஸ் கம்பெனியை வளர்த்தவர் தமிழ்நாட்டவரான பண்டித கே. சந்தானம். நம் முன்னோருக்கு இன்ஷியூரன்ஸ் வெறும் வியாபாரமாக இருந்ததில்லை. ஒருவனுடைய உயிரைப் பிறப்பைக் கொண்டு மதிக்கலாகாது, அவனவன் நிலையைக் கொண்டே மதிக்க வேண்டும் என்ற சுயமரியாதைப் போராட்டத்தின் ஒரு பகுதியாக அது இருந்தது.

அன்று பிறப்பைக் கொண்டு செய்த அநீதியை இன்று தொழிலைக் கொண்டு செய்வதற்கு இடம் கொடுக்கக் கூடாது. 'இவன் லாரி டிரைவர்' என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுமானால், இருபது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டிய சாரதியும், மாதத்துக்கு ஒரு முறை குடித்துவிட்டுச் சக்கரத்தைப் பிடிக்கிறவனும் ஒரே தராசுத் தட்டில் ஏறிவிடுகிறார்கள். மறுபுறம், கடலூர்ப் புறவழியில் மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் சொந்தக் காரில் பறக்கும் ஒரு கனவானுக்கு, தொழில் 'வியாபாரம்' என்று எழுதியிருப்பதால், சாதாரணப் பிரீமியமே கிடைக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையை எடுத்துக்கொள்வோம். முன்னே 45-ஏ என்றும் இப்போது 32 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலை அது. பழைய நகரத்தைக் கடந்து, சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளின் ஓரமாக, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி. முட்லூர் வழியே வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரத்தை அடைகிறது. மீன் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு விடியற்காலையில் புறப்படும் வியாபாரி, அண்ணாமலை நகருக்குச் செல்லும் மாணவன், ரசாயன டாங்கர் லாரி, தனியார் பஸ், வெளியூர்க் கார், சாலையைக் கடக்கும் ஆடு மாடு ஆகிய எல்லாவற்றுக்கும் அது ஒரே வழி. விழுப்புரம் முதல் நாகப்பட்டினம் வரை இவ்வழியை நாலு வழிச் சாலையாக்கும் வேலை பல கட்டங்களாக மேற்கொள்ளப்பட்டது. சாலை அகன்றால் வேகம் கூடும். வேகம் கூடும் இடத்தில் கிராமத்தார் கடந்து செல்லத் தக்க வழி செய்யாவிட்டால் மரணமும் கூடும். 2022-ம் வருஷத்தில் தேசமெங்கும் சாலையில் இறந்தவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அவர்கள் வண்டி ஓட்டியவர்களல்லர். அவர்களுடைய சலானை எந்தக் கம்ப்யூட்டரில் தேடுவது?

2025-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி, இதே வழியில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளிக்கூட வேன்மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் வண்டி மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். ரயில் வரும் நேரத்தில் கேட் மூடப்பட்டிராததும், சிக்னலோடு இணைக்கப்படாத கேட்டாக அது இருந்ததுமே அங்கு வெளிப்பட்ட குறைகள். 2023 ஜூன் மாதத்தில் பண்ருட்டிக்கருகே மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதி உயிர்கள் பலியாயின. டயர் வெடித்ததே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. கேட்டைக் காப்பது ரயில்வேயின் வேலை. டயரைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் வேலை. இப்படிப்பட்ட அபாயங்களைச் சாரதியின் சொந்த அபாயமாகக் கணக்கிட்டு அவனிடமே பிரீமியம் வசூலிப்பது எந்த நீதியைச் சேர்ந்தது?

தூக்கமின்மையும் அவ்வாறே. மோட்டார்த் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்று 1961-லேயே சட்டம் வரம்பு கட்டியது. இரண்டு டிரைவர் போகவேண்டிய தூரத்துக்கு ஒருவனை அனுப்புவதும், வசூலைப் பொறுத்துப் படி கொடுத்துப் பஸ்களை ஒன்றையொன்று துரத்த விடுவதும் முதலாளி செய்யும் காரியங்கள். இவற்றால் விளையும் அதிக அபாயத்துக்குப் பிரீமியம் கட்ட வேண்டியவன் முதலாளியே. தன் டிரைவர்கள் அனைவருக்கும் அவன் குழு இன்ஷியூரன்ஸ் எடுக்கும்படி செய்துவிட்டால், டயர் பழுதாகவும் வேலை நேரம் நீளவும் விடுகிற முதலாளிக்குப் பிரீமியம் ஏறும். ஒழுங்காக நடத்துகிறவனுக்கு இறங்கும். அபாயத்தை உண்டுபண்ணுகிறவனே அதற்கு விலை கொடுக்கும் முறை இதுவே.

இவ்வளவும் கூறியதால், தனி மனிதனுடைய குற்றத்தை நாம் மறைக்க விரும்புகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2022-ம் வருஷத்து மரணங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை அதிவேகத்தால் நேர்ந்தவை என்று சர்க்கார் கணக்கு கூறுகிறது. தலைக்கவசம் அணியாமல் அவ்வருஷம் இறந்தவர்கள் 50,029 பேர். கடலூருக்கு வடக்கே சில மைல் தூரத்தில், கன்னியக்கோவிலிலும் முள்ளோடையிலும் புதுச்சேரி எல்லைச் சாராயம் மலிவாகக் கிடைக்கிறது. மாலையில் மோட்டார் சைக்கிளில் அங்கே சென்று, இரவில் தள்ளாடிக்கொண்டு வண்டியை ஓட்டித் திரும்பும் வாலிபர்களை அறியாதவர் இந்த ஜில்லாவில் இல்லை. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் குற்றத்துக்கே பதினாயிரம் ரூபாய் அபராதமும் ஆறு மாதச் சிறையும் வரை விதிக்கலாம் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் சட்டம் கூறுகிறது. இப்படித் தண்டனை பெற்றவனும் பெறாதவனும் ஒரே பிரீமியம் கட்டினால், ஒழுங்கானவன் பணத்தில் ஒழுங்கற்றவனுக்குக் காப்பு அளிப்பதாகும். பொதுக் குடத்தில் பணம் ஊற்றுகிறவர்களில் பெரும்பாலோர் ஏழைகளும் நடுத்தரக் குடும்பத்தினருமே. அவர்கள் பணத்தைக் காப்பதும் நம் கடமை.

ஆகவே வண்டியோட்டும் நடத்தையைக் கம்பெனிகள் விசாரிக்கட்டும். ஆனால் நான்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டு விசாரிக்கட்டும்.

முதலாவது, சம்மதமும் வெளிப்படையும். விண்ணப்பதாரனின் எழுத்து மூலமான சம்மதமின்றி அவனுடைய பதிவை எந்தக் கம்பெனியும் பெறலாகாது. சொந்த விவரங்களின் பாதுகாப்புக்கு 2023-ல் ஏற்பட்ட சட்டமும் சம்மதத்தையே பிரதானமாக வைத்திருக்கிறது. பதிவைப் பார்த்து பிரீமியத்தை உயர்த்தினால், எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு என்று அவனுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறிருந்தால் திருத்திக்கொள்ள அவகாசமும் அளிக்க வேண்டும்.

இரண்டாவது, வண்டியின் குற்றத்தை மனிதன்மேல் ஏற்றலாகாது. காமிரா அனுப்பும் சலான் வண்டி எண்ணுக்கு வருகிறது. வண்டி எவன் பெயரில் இருக்கிறதோ அவன் பெயரில் பதிவாகிறது. மகன் ஓட்டிய வேகத்துக்குத் தகப்பன் பெயரில் சலான் வருவதும், விற்றுவிட்ட வண்டிக்குப் பழைய சொந்தக்காரன் அபராதம் கட்டுவதும் நாடறிந்தவை. பெயர் மாற்றாமல் கைமாறும் வண்டிகள் மிகுந்த நம் ஊர்களில் சலான் எண்ணிக்கையைக் கொண்டு ஒருவனுடைய ஆயுளை அளப்பது, நிழலைக் கொண்டு ஆளை அளப்பதாகும். ஓட்டியவன் இவனே என்று கோர்ட்டில் முடிவான குற்றங்களை மட்டும், அவற்றிலும் குடித்து ஓட்டுதல், உயிருக்கு அபாயம் விளைவிக்கும்படி ஓட்டுதல், அதிவேகம் ஆகியவற்றை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தியவன் சீக்கிரம் இறந்துவிடுவான் என்று எந்தக் கணித சாஸ்திரமும் கூறவில்லை.

மூன்றாவது, காலவரையறை. குற்றம் நடந்து மூன்று அல்லது ஐந்து வருஷம் சுத்தமாக ஓட்டியவனுக்கு அதிகப் பிரீமியம் தானாக நீங்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் செய்த தவறுக்கு ஐம்பது வயது வரை தண்டம் கட்டுவது இன்ஷியூரன்ஸ் ஆகாது. அதேபோல நல்ல பதிவுள்ளவனுக்குச் சலுகை கிடைக்க வேண்டும். ஏறுவதற்கு மட்டும் கணக்கு, இறங்குவதற்குக் கணக்கில்லை என்றால் அந்தத் தராசு பொய்த் தராசே.

நான்காவது, தொழிலை முன்னிட்டு அதிகப் பிரீமியம் வாங்குவதாயின், அத்தொழிலைச் சேர்ந்து இன்ஷியூர் செய்துகொண்டவர்களின் மரண அனுபவத்தைக் கம்பெனிகள் வெளியிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனி நபர் ஆயுள் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி நீங்கியிருக்கிறது. ஒரு கையால் சர்க்கார் கொடுத்த நிவாரணத்தை, ஆதாரமற்ற அதிகப் பிரீமியத்தின் மூலம் கம்பெனி மறு கையால் வாங்கிக்கொள்ள அனுமதிக்கலாகாது.

'இன்ஷியூரன்ஸ் வியாபாரமேயன்றித் தர்ம சத்திரமல்ல. தன் ஆபத்தைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை இல்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. உரிமை உண்டு. ஆனால் இந்நாட்டில் ஆயுள் இன்ஷியூரன்ஸ் வியாபாரம் 1956-ம் வருஷம் ஜனவரி 19-ந் தேதி அவசரச் சட்டத்தின் மூலம் சர்க்கார் வசமானது, 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாகி அவ்வருஷம் செப்டம்பர் முதல் தேதி கார்ப்பொரேஷன் பிறந்தது, எல்லாம் கிராமத்து ஏழைக்கும் நியாயமான விலையில் காப்பு கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்துக்காகவே. பின்னர் தனியார் கம்பெனிகளும் வந்தன; 2022-ல் கார்ப்பொரேஷனின் பங்குகளும் சந்தைக்குப் போயின. ஆயினும் பெரும் பங்கு இன்னும் சர்க்கார் கையிலேயே இருக்கிறது. கார்ப்பொரேஷன் காட்டும் வழியையே மற்றக் கம்பெனிகளும் கவனிக்கும். ஆகவே நேர்மையான முறையை வகுக்கும் பொறுப்பு முதன்மையாக அதனுடையது.

இனிப் பாலிசி எடுப்பவர்கள் செய்ய வேண்டியதைக் கூறுவோம். உண்மையை மறைக்காதீர்கள். ஏஜெண்டு எழுதிக்கொள்ளட்டும் என்று வெறுந்தாளில் கையெழுத்துப் போடுவது நம்மவர்களிடம் உள்ள பெரும் கெட்ட வழக்கம். 2015-ல் திருத்தப்பட்ட இன்ஷியூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவின்படி, மூன்று வருஷம் கடந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணத்தைக் கொண்டும் கம்பெனி ஆக்ஷேபிக்க முடியாது. ஆனால் அந்த மூன்று வருஷத்துக்குள் மரணம் நேர்ந்தால், மறைத்த ஒவ்வொரு விஷயமும் விதவையின் எதிரே வந்து நிற்கும். நெடுங்கால மதுப் பழக்கத்தை மறைத்துக் கார்ப்பொரேஷனிடம் எடுத்த ஓர் ஆரோக்கிய பாலிசியில், பணம் தர மறுத்தது சரியே என்று 2025 மார்ச் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்ததை எல்லாரும் நினைவில் வைக்க வேண்டும்.

மற்றொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ஆயுள் பாலிசியில் மூலத் தொகை வேறு. விபத்து மரணத்துக்காகக் கூடுதலாகக் கிடைக்கும் பலன் வேறு. மது மயக்கத்தில் நேர்ந்த விபத்து, பந்தயத்தில் நேர்ந்த விபத்து, சட்டத்தை மீறிய காரியத்தால் நேர்ந்த விபத்து ஆகியவற்றுக்கு அந்தக் கூடுதல் பலன் கிடையாது என்பது பொதுவாக விதிக்கப்படும் நிபந்தனை. ஆனால் அதைக் காட்டி மூலத் தொகையையும் மறுக்க இயலாது. குடித்திருந்தான் என்று கம்பெனி சொன்னால், அதை ருசுப்படுத்தும் பாரமும் கம்பெனியுடையதே. இதை அறியாமல், 'குடித்திருந்தானாம், ஒன்றும் வராதாம்' என்று எவனோ சொன்னதைக் கேட்டு மனுவே செய்யாத குடும்பங்கள் உண்டு.

மோட்டார் சட்டத்தின் கீழ் எல்லாருக்கும் நஷ்ட ஈடு உண்டு என்று நம்பியிருப்பதும் பிசகு. தன் சொந்த அஜாக்கிரதையால் விபத்துக்குள்ளாகி இறந்தவனுடைய வாரிசுகள், அவ்வண்டியை இன்ஷியூர் செய்த கம்பெனியிடம் அச்சட்டப்படி நஷ்ட ஈடு கோர முடியாதென்று 2025 ஜூலை மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு உறுதிப்படுத்தியிருக்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரனே ஓட்டி இறந்தால் பதினைந்து லக்ஷ ரூபாய் கிடைக்கும் கட்டாயக் காப்பு ஒன்று உண்டு. அதுவும் செல்லத்தக்க லைசென்ஸ் இருந்தால்தான். பிறர் வண்டியை ஓட்டித் தன் கைப்பிசகால் மடிந்தவனுடைய குடும்பத்துக்கு, அவன் உயிரோடிருந்தபோது எடுத்து வைத்த ஆயுள் பாலிசியே பெருந்துணை. அந்த ஒரு கதவையும் அதிகப் பிரீமியத்தால் அடைத்துவிடாதீர்கள் என்பதே நம் வாதத்தின் சாரம்.

நம் ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டியது சில உண்டு. வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு இரண்டு லக்ஷ ரூபாய் அளிக்கும் சுரக்ஷா பீமா திட்டமும், 436 ரூபாயில் எக்காரணத்தால் நேர்ந்த மரணத்துக்கும் இரண்டு லக்ஷம் அளிக்கும் ஜீவன் ஜோதி திட்டமும் 2015 முதல் நடைபெறுகின்றன. முன்னதில் 18 முதல் 70 வயது வரையிலும், பின்னதில் 18 முதல் 50 வயது வரையிலும் பாங்கிக் கணக்குள்ள எவரும் சேரலாம். தொழிலைக் கேட்டுப் பிரீமியம் உயர்த்தாத காப்புகள் இவை. பரங்கிப்பேட்டை மீனவர் தெருவிலும், புவனகிரிச் சந்தையிலும், சிதம்பரம் பஸ் நிலையத்து டிரைவர்கள் மத்தியிலும் சென்று, எத்தனை பேர் இவற்றில் சேர்ந்திருக்கிறார்கள், எத்தனை பேருக்கு லைசென்ஸ் காலாவதியாகியிருக்கிறது என்று ஊழியர்கள் கணக்கெடுக்கட்டும். ஐந்நூறு மீட்டர் தூரத்துக்குள் மூன்று வருஷங்களில் பத்து மரணங்களோ, ஐந்து கொடிய விபத்துக்களோ நேர்ந்த இடத்தை 'கறுப்புப் புள்ளி' என்று நெடுஞ்சாலை இலாகா குறிக்கிறது. கடலூர்–சிதம்பரம் வழியில் அப்படிக் குறிக்கப்பட்ட இடங்கள் எவை, அங்கே செய்யப்பட்ட வேலை யாது என்று கலெக்டர் தலைமையிலுள்ள சாலைப் பாதுகாப்புக் கமிட்டியைக் கேட்கட்டும்.

டிரைவர் சங்கங்கள் இன்னும் ஒருபடி மேலே செல்ல வேண்டும். முதலாளிகளின் செலவில் குழு இன்ஷியூரன்ஸ் என்பதைக் கூலிக் கோரிக்கையோடு சேர்த்து முன்வைக்க வேண்டும். குடித்துவிட்டுச் சக்கரம் பிடிக்கும் அங்கத்தினனைச் சங்கமே கண்டிக்க வேண்டும். அவன் ஒருவனால் மற்ற அனைவருடைய பிரீமியமும் உயருகிறது என்பதை அவனுக்கு உணர்த்த வேண்டும். தங்கள் நடத்தைக்குத் தாங்கள் பொறுப்பேற்கத் தயார் என்று காட்டிய பிறகு, முதலாளியின் குற்றத்துக்கும் சாலையின் குற்றத்துக்கும் தாங்கள் பணம் கட்ட மாட்டோம் என்று கூறும் உரிமை அவர்களுக்குப் பூரணமாக உண்டு. அதிகார சபையும் கார்ப்பொரேஷனும் புதிய விதிகளை எழுத உட்காரும் முன்பே அந்தக் குரல் கடலூரிலிருந்து அவர்கள் காதில் விழ வேண்டும்.